செயலகத்தைப் பிடித்தவர் ஆட்சியைப் பிடித்தார்: குருஷ்சேவின் ஐந்தாண்டுகள்

கேள்வி இது: ஒரே கட்சி ஆளும் கம்யூனிஸ்ட் நாட்டில் எதிர்க்கட்சி கிடையாது, மக்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரை மாற்றுவதும் கிடையாது. அப்படியிருக்கும்போது, மேல்மட்டத்தில் பத்துப் பேரில் ஒருவராக இருப்பவர் மற்ற ஒன்பது பேரையும் தாண்டி எப்படித் தலைமைக்கு வருகிறார்? துப்பாக்கியாலா, பேச்சாலா, அதிர்ஷ்டத்தாலா?

மூன்றுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் இவை மூன்றையும்விடப் பெரியது, கீழே யாரை எந்தப் பதவியில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம். பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் புரியாது. அதனால் ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன்: நிகிதா குருஷ்சேவ். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததிலிருந்து 1958 மார்ச்சில் கட்சித் தலைமையும் பிரதமர் பதவியும் ஒரே கையில் சேர்ந்ததுவரை, சரியாக ஐந்து ஆண்டுகள். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அன்றைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் பலவும் வெளியே வந்துவிட்டன. அதனால் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதையே நாம் படிக்க முடிகிறது.

1953 மார்ச் 5 மாலை எட்டு மணிக்கு கிரெம்ளினில் கட்சியின் மத்தியக் குழு, அமைச்சரவை, சுப்ரீம் சோவியத் என்ற நாடாளுமன்றத்தின் பிரசீடியம் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தன. கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாஸ்கோவுக்கு வெளியே குன்ட்செவோ பண்ணைவீட்டில் பக்கவாதம் தாக்கிக் கிடந்த ஸ்டாலினுக்கு அப்போது உயிர் இருந்தது. அவர் இறந்தது இரவு 9.50-க்கு. அதற்குள் பங்கீடு ஆகிவிட்டது. மாலென்கோவ் பிரதமர். பேரியாவுக்கு உள்துறையும் பாதுகாப்புப் போலீஸும் சேர்ந்த ஒரே அமைச்சகம். மொலோட்டோவுக்கு வெளியுறவு. புல்கானினுக்கு ராணுவம். ஐந்து மாதம் முன்பு ஸ்டாலின் 25 பேராகப் பெருக்கியிருந்த கட்சிப் பிரசீடியத்தை (கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பியூரோவின் அன்றைய பெயர் அதுதான்; இனி பிரசீடியம் என்றால் இதுதான்) பத்துப் பேராகச் சுருக்கினார்கள். குருஷ்சேவுக்குக் கிடைத்தது என்ன? மாஸ்கோ கட்சித் தலைமையிலிருந்து விடுவிப்பு; இனி மத்தியக் குழுச் செயலகத்தின் வேலையில் கவனம் செலுத்தவேண்டும் என்று ஒரு வரி. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் ஐந்தாவது, ஆறாவது ஆளாகத்தான் தெரிந்தார். மார்ச் 9 இறுதிச் சடங்கில் மாலென்கோவ், பேரியா, மொலோட்டோவ் மூவரும் உரையாற்றினார்கள். சடங்குக் குழுவுக்குத் தலைவராக இருந்த குருஷ்சேவின் வேலை, அவர்களைப் பேச அழைப்பது.

அடுத்த ஐந்து நாளில் நடந்ததுதான் கதையின் திருப்பம். அன்று அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. மாலென்கோவ் பிரதமராகவும் கட்சிச் செயலாளராகவும் இருந்தார். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் இன்னொரு ஸ்டாலின் உருவாகிவிடுவார் என்ற பயம் சகாக்களுக்கு. ஏதாவது ஒன்றை விடவேண்டும் என்றானதும் மார்ச் 14 அன்று செயலகத்தை விட்டுவிட்டு பிரதமர் பதவியை வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. லெனின் வகித்ததே அந்தப் பதவிதான். கட்சியில் அவருக்குத் தனியாகத் தலைவர் பட்டம் எதுவும் இருந்ததில்லை. பிரசீடியம் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவதும் பிரதமர். அதைப் பார்த்து வளர்ந்த ஒருவர் பிரதமர் நாற்காலியைத்தான் வாரிசுரிமை என்று நினைப்பார். செயலாளர் பட்டியலின் தலைப்பில் குருஷ்சேவ் பெயர் மட்டும் நின்றது.

செயலகம் என்றால் என்ன வேலை? கடிதம், கோப்பு, நிகழ்ச்சி நிரல், அப்புறம் நியமனம். இந்தக் கடைசி வேலைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மாகாணத்தின் கட்சிச் செயலாளர் காகிதத்தில் அந்த மாகாண மாநாட்டால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். உண்மையில் பெயர் மாஸ்கோவிலிருந்து வரும், மாநாடு கை தூக்கும். அந்தச் செயலாளர் தன் மாகாணத்திலிருந்து கட்சிக் காங்கிரஸுக்கு, அதாவது நாடு தழுவிய கட்சி மாநாட்டுக்கு, போகும் பிரதிநிதிகளை முடிவு செய்கிறார். காங்கிரஸ் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது; பெரிய மாகாணங்களின் செயலாளர்களே அதில் கணிசமாக உட்காருகிறார்கள். அந்த மத்தியக் குழுதான் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. யாரை அவர் நியமித்தாரோ அவர்களே அவருக்கு வாக்களிக்கிறார்கள். வட்டம் முழுதாகிவிட்டது. விதிப்படி மத்தியக் குழு மேலே, பிரசீடியம் அதற்குக் கட்டுப்பட்டது. நடைமுறையில் தலைகீழ். ஆனால் மேலே பத்துப் பேர் இரண்டாகப் பிளந்துவிட்டால், அந்த விதி புத்தகத்திலிருந்து எழுந்து வந்து வேலை செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1957-க்கு வரும்போது தேவைப்படும்.

1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச்செயலாளரானபோதும் இதே கதைதான். டிராட்ஸ்கி செஞ்சேனையை வைத்திருந்தார், ஜினோவியேவ் பெத்ரோகிராடை வைத்திருந்தார். குமாஸ்தா வேலைபோலத் தெரிந்த பதவியை ஸ்டாலின் எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் மாநாட்டு மண்டபங்களில் டிராட்ஸ்கி பேச எழுந்தால் கூச்சல் போட ஆட்கள் இருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்தும் அதே பிழையை மாலென்கோவ் செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அவரே கட்சியின் ஊழியர் நியமனத் துறையைப் பல ஆண்டுகள் நடத்தியவர்.

குருஷ்சேவ் இந்த வட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவர். 1894-ல் குர்ஸ்க் பகுதியின் கலினோவ்கா கிராமத்தில் பிறந்தவர். தொன்பாஸின் யூசோவ்காவில் உலோகத் தொழிலாளி. 1918-ல் கட்சியில் சேர்ந்தார். உக்ரேனில் அவரைக் கவனித்துத் தூக்கிவிட்டவர் லாசர் ககனோவிச். 1929-ல் மாஸ்கோ தொழில் அகாதமிக்குப் படிக்க வந்தார். அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர் ஸ்டாலினின் மனைவி நதேஷ்தா அலிலுயேவா. அவர் வீட்டில் தன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னதால்தான் ஸ்டாலின் கண்ணில் பட்டேன் என்று குருஷ்சேவே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1931-ல் மாஸ்கோவின் ஒரு வட்டச் செயலாளர், 1934-ல் மாஸ்கோ நகரச் செயலாளர், 1938-ல் உக்ரேன் முழுவதற்கும் செயலாளர். இந்த ஆண்டுகளைப் பாருங்கள். இடையில் ஸ்டாலினின் பெரும் களையெடுப்பு நடந்த 1937 இருக்கிறது. மேலே காலியிடம் உண்டானதே அங்கிருந்தவர்கள் சுடப்பட்டதால்தான். மாஸ்கோவிலும் உக்ரேனிலும் நடந்த களையெடுப்புகளில் குருஷ்சேவின் ஒப்புதலும் கையெழுத்தும் உண்டு. பின்னால் அவர் செய்த நல்லதைச் சொல்லும்போது இதை மறைக்கக்கூடாது.

1953-க்குத் திரும்புவோம். முதல் ஆபத்து பேரியா. போலீஸ், சிறைகள், கிரெம்ளின் காவல் எல்லாம் அவரிடம். அவர் சீர்திருத்தங்களிலும் முந்திக்கொண்டார்: மார்ச் இறுதியில் பெரிய பொதுமன்னிப்பு, ஏப்ரலில் யூத மருத்துவர்கள்மீது போடப்பட்டிருந்த பொய் வழக்கைத் திரும்பப் பெற்றது. சகாக்களுக்கு அவர் நல்லது செய்ததும் பயம், அவரிடம் கோப்புகள் இருந்ததும் பயம். குருஷ்சேவ் ஒவ்வொருவராகத் தனித்தனியே பேசினார். மாலென்கோவ் பேரியாவின் நெருங்கிய கூட்டாளி, அவரையும் இழுத்துவிட்டார். ஜூன் 26 அன்று பிரசீடியம் கூடியது. கைது செய்ய வந்த ராணுவ அதிகாரிகள் ஆயுதத்தோடு கிரெம்ளினுக்குள் நுழைவது எப்படி? வாசலில் நிற்பவர்கள் பேரியாவின் ஆட்கள். பாதுகாப்பு அமைச்சர் புல்கானினின் காரைச் சோதிக்கமாட்டார்கள் என்பதால் அதில் சிலரை ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். மாலென்கோவ் பொத்தானை அழுத்தியதும் தளபதிகள் ஷுக்கோவும் மொஸ்கலென்கோவும் மற்றவர்களும் அறைக்குள் வந்தார்கள். பிடித்தவரை வெளியே கொண்டுபோக இரவுவரை காத்திருக்கவேண்டியிருந்தது, அதே வாசல் காவலர்களுக்காக. டிசம்பர் 23-ல் பேரியா சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஐந்தாண்டில் துப்பாக்கி வெளியே வந்தது இந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு போலீஸ் கட்சிக்குக் கீழே வந்தது. 1954-ல் பாதுகாப்புப் போலீஸ் கே.ஜி.பி. என்ற பெயரில் தனியமைப்பாக உருவானபோது அதன் தலைவரானவர் இவான் சேரோவ், போருக்கு முன் உக்ரேனில் குருஷ்சேவோடு வேலை செய்தவர்.

1953 செப்டம்பரில் மத்தியக் குழு அவரை ‘முதல் செயலாளர்’ ஆக்கியது. இனி நியமனங்கள் வேகம் பிடித்தன. நவம்பரில் அவரே லெனின்கிராடுக்குப் போனார். அங்கே மாலென்கோவின் ஆளான அந்திரியானோவை இறக்கிவிட்டு பிரோல் கோஸ்லோவை உட்காரவைத்தார். அடுத்த ஆண்டு மாஸ்கோ நகரத்துக்கு எகதெரினா ஃபூர்த்சேவா. உக்ரேனில் ஏற்கெனவே அவரோடு வேலை செய்த கிரிச்சென்கோ. கஜகஸ்தானில் தரிசு நிலத்தை உழும் மாபெரும் திட்டத்தை 1954-ல் தொடங்கியபோது, அந்தக் குடியரசின் தலைமையே இதை விரும்பவில்லை என்று மாற்றிவிட்டு, லியோனித் பிரெஷ்னேவை அனுப்பினார். தரிசு நிலத் திட்டத்தை விவசாயத் திட்டமாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அது முழுக்கக் கட்சி நடத்திய இயக்கம், அமைச்சகங்கள் நடத்தியதல்ல. டிராக்டரும் இளைஞர்களும் ரயில் ரயிலாகப் போனபோது கூடவே கட்சிச் செயலாளர்களின் கையும் ஓங்கியது. 1956-ல் விளைச்சல் அமோகமாக வந்ததும் அந்தப் புகழ் முழுவதும் குருஷ்சேவுக்கு.

மாலென்கோவ் மக்களிடம் பிரபலம். 1953 ஆகஸ்டில் விவசாயிகளின் சொந்த நிலத்துக்கான வரியைக் குறைத்தவர், துணிமணி, உணவு உற்பத்தி பெருகவேண்டும் என்று பேசியவர். ஆனால் கிராமத்தில் ஒரு மூதாட்டி அவரை வாழ்த்தினால் மத்தியக் குழுவில் ஓர் ஓட்டுகூட அதிகமாகிவிடாது. குருஷ்சேவ் கனரகத் தொழில், ராணுவம் பக்கம் நின்று அவரைத் தாக்கினார். அணு ஆயுதப் போர் வந்தால் உலக நாகரிகமே அழியும் என்று மாலென்கோவ் 1954-ல் சொன்னதை முதலாளித்துவத்துக்குப் பயந்த பேச்சு என்று குற்றமாக்கினார்கள். கூடவே 1949-50-ல் லெனின்கிராட் கட்சித் தலைவர்களைப் பொய் வழக்கில் கொன்ற விவகாரத்தைத் திறந்தார்கள். அதில் மாலென்கோவின் கை இருந்தது. 1955 பிப்ரவரி 8-ல் சுப்ரீம் சோவியத்தில் அவருடைய ராஜினாமாக் கடிதம் வாசிக்கப்பட்டது, அனுபவக் குறைவு என்று அவரே ஒப்புக்கொண்டதாக. புதிய பிரதமராகப் புல்கானின் பெயரை முன்மொழிந்தவர் குருஷ்சேவ். அப்புறம்? நுகர்பொருள் உற்பத்தியையும், போர் தவிர்க்க முடியாததல்ல என்ற கொள்கையையும் குருஷ்சேவே எடுத்துக்கொண்டார். இதைப் பார்த்து அவருக்குக் கொள்கையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மக்கள் நன்றாகச் சாப்பிடவேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. ஆனால் போட்டி நடக்கும் காலத்தில் எந்தக் கொள்கை எந்தச் செயலாளரை, எந்தத் தளபதியைத் தன் பக்கம் இழுக்கும் என்ற கணக்குக்கு அந்த அக்கறை காத்திருந்தது.

அந்த 1955-ஆம் ஆண்டின் இறுதியில் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்தார்கள். நெறிமுறைப்படி விருந்தாளிகளில் முதல்வர் பிரதமர் புல்கானின். ஸ்ரீநகரில் காஷ்மீர் இந்தியாவின் பகுதி என்று உலகறியச் சொன்னதோ கட்சிச் செயலாளர் குருஷ்சேவ். யார் கையில் ஆட்சி என்று நம் ஊர் பத்திரிகை வாசகர்களுக்கே அன்று புரிந்திருக்கும்.

1956 பிப்ரவரி 25 ரகசிய உரைக்கு வருகிறேன். இருபதாவது கட்சிக் காங்கிரஸின் கடைசி நாள், மூடிய கதவுக்குள், சுமார் நான்கு மணி நேரம் ஸ்டாலினின் குற்றங்களை வாசித்தார். விவாதம் அனுமதிக்கப்படவில்லை. இது மனசாட்சியா, காய் நகர்த்தலா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் முடிவு. சிறை முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் சொன்னது அவரை உலுக்கியது, அதை நம்புகிறேன். அதே சமயம், 1930-களில் ஸ்டாலின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல்களில் கையெழுத்திட்டவர்கள் மொலோட்டோவ், ககனோவிச், வோரோஷிலோவ். உரை யார்மீது நிழல் வீழ்த்தும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காங்கிரஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவில் 133 பேர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புதியவர்கள், பலர் கடந்த மூன்று ஆண்டில் பதவி பெற்ற மாகாணச் செயலாளர்கள். உரையைப் பற்றி உலகம் பேசியது. இந்த 133 பேர் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை.

1957-ல் அவர் இன்னொரு படி போனார். மாஸ்கோவிலிருந்த தொழில் அமைச்சகங்களைக் கலைத்து, ஆலைகளை நூற்றுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பொருளாதாரக் குழுக்களின் கையில் கொடுத்தார். மாகாணச் செயலாளர்களுக்குக் கொண்டாட்டம். மாஸ்கோவின் மூத்தவர்களுக்கு இது கடைசித் துரும்பு. மே மாதம் யாரையும் கேட்காமல், இறைச்சி, பால் உற்பத்தியில் சில ஆண்டுகளில் அமெரிக்காவைப் பிடித்துவிடுவோம் என்று லெனின்கிராடில் முழங்கியதும் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஜூன் 18. லெனின்கிராட் நகரத்தின் 250-ஆம் ஆண்டு விழாவுக்கு யார் யார் போவது என்று பேசத்தான் குருஷ்சேவைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் விஷயம் வேறு. குருஷ்சேவ் தலைமை தாங்கக்கூடாது என்று சொல்லி புல்கானினை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். பிரசீடியத்தின் முழு உறுப்பினர்கள் பதினொரு பேரில் ஏழு பேர் அவருக்கு எதிர்: மாலென்கோவ், மொலோட்டோவ், ககனோவிச், வோரோஷிலோவ், புல்கானின், பெர்வுகின், சபூரோவ். அவரைத் தூக்கிவிட்ட ககனோவிச் எதிர்ப்பக்கம். அவர் பிரதமராக்கிய புல்கானினும் எதிர்ப்பக்கம். அவரோடு நின்றவர்கள் மிக்கோயான், சுஸ்லோவ், கிரிச்சென்கோ மட்டுமே. முதல் செயலாளர் பதவியையே ஒழித்துவிடுவது என்று பேச்சு போனது. வேறொரு கட்சியில் அன்றே கதை முடிந்திருக்கும்.

குருஷ்சேவ் ஒரே பிடியைப் பிடித்தார்: என்னைத் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழு, நீக்கும் உரிமையும் அதற்குத்தான். நான்கு நாள் இழுபறி. வாக்குரிமை இல்லாத மாற்று உறுப்பினர்களில் ஷுக்கோவ், பிரெஷ்னேவ், ஃபூர்த்சேவா, கோஸ்லோவ் என்று பெரும்பாலோர் அவர் பக்கம் நின்று நேரத்தைக் கடத்தினார்கள். அதற்குள் செய்தி வெளியே போனது. பாதுகாப்பு அமைச்சர் ஷுக்கோவின் ராணுவ விமானங்கள் தொலைதூர மாகாணங்களிலிருந்து மத்தியக் குழு உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு மாஸ்கோ வந்தன. ஜூன் 21 அன்று சுமார் இருபது பேர் கூட்ட அறை வாசலுக்கே வந்து, எங்களை விட்டுவிட்டு எங்கள் செயலாளரைப் பற்றி என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். இப்படி ஒரு காட்சி ஸ்டாலின் காலத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாதது. மறுநாள் மத்தியக் குழு கூடியது.

பிரசீடியத்தில் ஏழுக்கு நான்கு. மத்தியக் குழுவில் ஏறக்குறைய எல்லோருமே குருஷ்சேவ் பக்கம். எட்டு நாள் நடந்த அந்தக் கூட்டத்தின் பதிவைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது ஓர் இடத்தில். ஷுக்கோவ் எழுந்து ஆவணங்களை வாசிக்கிறார்: 1937 பிப்ரவரி 27 முதல் 1938 நவம்பர் 12 வரை 38,679 பேரைச் சுட்டுக்கொல்ல ஸ்டாலின், மொலோட்டோவ், ககனோவிச் கொடுத்த ஒப்புதல். எதிரணியினர் பதிலுக்கு, நீயும் கையெழுத்துப் போடவில்லையா என்று குருஷ்சேவைக் கேட்கிறார்கள். மண்டபத்தில் கூச்சல். இவ்வளவு பேரின் உயிர் அங்கே வாக்குவாதத்தில் ஓர் அம்பாகப் பறந்தது. அவர்களுக்கு நியாயம் கேட்பதற்காக யாரும் அந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. பட்டியல்களை வாசித்தவர்களும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இருபது ஆண்டு அதைத் தெரிந்தும் தெரியாமலும் பதவியில் இருந்தவர்கள்தான்.

எதிரணித் தலைவர்களை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது, மொலோட்டோவ் ஒருவர் மட்டும் வாக்களிக்காமல் இருந்தார். தோற்றவர்களைச் சுடவில்லை. ககனோவிச் பயந்துபோய் தொலைபேசியில் அழைத்து, பழைய காலத்தில் செய்ததைப்போல எங்களைச் செய்துவிட வேண்டாம் என்று கெஞ்சினார். மொலோட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதராகப் போனார், மாலென்கோவ் கஜகஸ்தானில் ஒரு மின்நிலையத்துக்கு, ககனோவிச் உரால் பகுதியில் ஓர் ஆலைக்கு. அதிகாரப் போட்டியில் தோற்றவன் உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்ற வழக்கத்தை அந்நாட்டில் கொண்டுவந்தவர் குருஷ்சேவ். அவர் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பேன்.

மீதி வேகமாக முடிந்தது. விமானம் கொடுத்துக் காப்பாற்றிய ஷுக்கோவை, அவர் யூகோஸ்லாவியாவுக்கும் அல்பேனியாவுக்கும் பயணம் போயிருந்த நேரம் பார்த்து, அக்டோபரில் நீக்கினார்கள். தளபதிக்குத் தனிச் செல்வாக்கு இருப்பது கட்சிக்கு ஆகாது. 1958 மார்ச் 27-ல் புல்கானின் விலக, குருஷ்சேவே பிரதமரானார். ஸ்டாலின் இறந்த இரவில் பிரசீடியத்தில் உட்கார்ந்த பத்துப் பேரில் அந்த ஆண்டு முடிவில் முழு உறுப்பினர்களாக மிஞ்சியவர்கள் மூன்று பேர்: குருஷ்சேவ், மிக்கோயான், வோரோஷிலோவ்.

இதே வழியில் அவர் இறங்கியதையும் சொல்லாவிட்டால் பதில் அரைகுறை. 1961-ல் கட்சி விதியை மாற்றி, ஒவ்வொரு தேர்தலிலும் குழுக்களில் ஒரு பகுதியினர் கட்டாயம் மாறவேண்டும் என்றார். 1962 நவம்பரில் மாகாணக் கட்சிக் குழுக்களை விவசாயம், தொழில் என்று இரண்டாகப் பிளந்தார். நேற்றுவரை மாகாணத்துக்கே ராஜாவாக இருந்தவர் பாதி ராஜாவானார். 1957-ல் விமானம் ஏறி வந்து காப்பாற்றியவர்களின் அடிமடியிலேயே கை வைத்த வேலை இது. 1964-ல் சதி செய்தவர்கள் மொலோட்டோவின் தவறைச் செய்யவில்லை. பிரசீடியத்தில் மட்டும் தலை எண்ணாமல், மாதக்கணக்கில் மத்தியக் குழு உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார்கள். கே.ஜி.பி. தலைவர் செமிசாஸ்த்னியையும் சேர்த்துக்கொண்டார்கள். கருங்கடல் ஓரம் பிட்சுண்டாவில் ஓய்விலிருந்த குருஷ்சேவுக்கு அக்டோபர் 12 அன்று, உடனே மாஸ்கோ வரும்படி தொலைபேசி வந்தது. 14-ஆம் தேதி மத்தியக் குழு ஏற்கெனவே மண்டபத்தில் தயாராக இருந்தது. சுஸ்லோவ் அறிக்கை வாசித்தார், விவாதம் இல்லை, கை தூக்கினார்கள். முதல் செயலாளராக வந்தவர் பிரெஷ்னேவ்; பிரதமர் பதவி கோசிகினுக்கு. இரண்டும் இனி ஒருவரிடம் சேரக்கூடாது என்றும் முடிவெடுத்தார்கள். அடுத்த மாதமே பிரெஷ்னேவ் மாகாணக் குழுக்களின் பிளவை ரத்து செய்து செயலாளர்களின் முழு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்களை அதிகம் தொந்தரவு செய்யாமல், 1982 நவம்பரில் இறக்கும்வரை 18 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.